கறுத்த தீர்த்தம்

பிள்ளைகளே, இதைத் தமிழில் எழுதுகிறேன். இந்தியில் எழுதினால் இரண்டு பேரும் ஜல்தியாகப் படித்துவிடுவீர்கள் என்று தெரியும். ஆனால் எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். புரியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள், அவள் என்னைவிட அதிகம் படித்தவள்.

பாப்பா, போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது நீ கேட்டாய். "படிச்சவங்க எப்படிப்பா சாமி கும்பிடறாங்க? ரெண்டுல ஒண்ணு பொய்யாத்தானே இருக்கணும்?" உடனே உன் தம்பி, "எல்லாமே ஃபேக்தான் அப்பா" என்றான். நீ சொல்வதெல்லாம் அவனுக்கு வேதம். நான் குழம்பை எடுத்து வைக்கச் சொன்னேன். பத்தாவது முடித்த கையோடு ஸ்டியரிங் பிடித்தவன் நான். பேச ஆரம்பித்தால் வார்த்தை முந்திக்கொண்டு வந்து காரியத்தைக் கெடுத்துவிடும். எழுதினால் நிறுத்தி நிதானமாகத் திட்டலாம்.

நான் திட்டப்போவது உன்னை இல்லை. நீங்கள் 'சயின்டிஸ்ட் அங்கிள்' என்று கூப்பிடுவீர்களே, அவரை.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு நாம் வந்த புதிதில், அந்தப் பெருமாள் கோயிலில் அவரைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அரசாங்க ஆய்வுக்கூடத்தில் இருந்து ரிடையர் ஆனவர், டாக்டர் பட்டம் வாங்கியவர், கோயில் கமிட்டித் தலைவர். இவ்வளவு படித்த மனிதர் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறாரே, என் பிள்ளைகளும் இப்படி வரவேண்டும் என்று நினைத்தேன். அதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சனிக்கிழமை பூஜை முடிந்ததும் மைக்கைப் பிடித்துக்கொள்வார். கோயில் மணியின் ஓசை மூளையின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் எழுப்புமாம். மெட்டி போட்டால் கர்ப்பப்பைக்குப் போகிற நரம்பு தூண்டப்படுமாம். செப்புப் பாத்திரத்தில் துளசியும் பச்சைக் கற்பூரமும் போட்ட தீர்த்தம் எந்த ஆன்டிபயாடிக்கையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுமாம். "இதெல்லாம் சயின்டிஃபிக்கலி ப்ரூவ்டு" என்று முடிப்பார். எங்கே, யார், எப்போது நிரூபித்தார்கள் என்று சொல்லமாட்டார். யாரும் கேட்கவும் மாட்டார்கள். பிரசாதத்துக்கு வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்.

எனக்கு அது ஒட்டவே இல்லை. நான் பெருமாளிடம் போவது சளிக்கு மருந்து கேட்க இல்லை. ஆபீஸில் வாங்கிய ஏச்சை, வீட்டில் சொல்ல முடியாததை, அங்கே நின்று மனசுக்குள் சொல்லிவிட்டு வருவேன். அதற்கு மூளையின் எந்தப் பக்கம் எழுந்தால் எனக்கென்ன?

மழைக்காலத்தில் உன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி என்றார்கள். நீ தண்ணீர் சோதனையை எடுத்துக்கொண்டாய். சின்னக் கண்ணாடி பாட்டில், உள்ளே மருந்து தடவிய ஒரு காகிதத் துண்டு. தண்ணீரை ஊற்றி மூடி வைக்கவேண்டும். சாக்கடை கலந்த தண்ணீராக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும், நல்ல தண்ணீர் என்றால் அப்படியே இருக்கும். பள்ளிக் குழாய், நம் வீட்டுக் குழாய், பஸ் ஸ்டாப்பில் டம்ளர் கணக்கில் விற்கிற தள்ளுவண்டித் தண்ணீர் என்று சேர்த்தாய். "கோயில் தீர்த்தமும் வேணும்ப்பா, அங்கிள் சொன்னது ப்ரூவ் ஆகுதான்னு பாக்கறேன்" என்றாய். பட்டரிடம் கேட்டு நானே வாங்கி வந்தேன். அவர் பாவம், "குழந்தை படிப்புக்கா, பேஷா எடுத்துண்டு போங்கோ" என்று கூடவே ஒரு துளசிக் கொத்தும் கொடுத்தார்.

தீர்த்த பாட்டில்தான் கறுத்தது. கரிப்பானை கழுவின தண்ணீர் மாதிரி. தள்ளுவண்டிக்காரன் தண்ணீர் தெளிவாக நின்றது.

உன் அம்மா பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அதைக் கொண்டுபோய்க் கொட்டிடு. வெளிய தெரிஞ்சா நம்மளத்தான் திட்டுவாங்க."

"கொட்டினா கறுத்தது வெளுத்துடுமா அம்மா?" என்றாய்.

"வாய் மட்டும் நீளுது. அப்பா மாதிரியே."

மறுபடியும் வாங்கி வரச் சொன்னாய். அதுவும் கறுத்தது. இரண்டாவது முறை போனபோது பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் தரைக்கடியில் இருக்கிற தொட்டியில்தான் தண்ணீர். அதன் மூடி உடைந்து கிடந்தது. பக்கத்தில் ரோடு தோண்டினதில் இருந்து சாக்கடை அந்த மூலையில்தான் தேங்குகிறது. அங்கிருந்து நீல டிரம்முக்கு, டிரம்மில் இருந்து செம்புக்கு, செம்பில் இருந்து நம் கைக்கு. கைக்குழந்தை வாயிலும் அதைத்தான் விடுகிறார்கள். கமிட்டி ஆட்களிடம் தொட்டி மூடியைச் சொன்னேன். "செம்புல ஊத்தினா எல்லாம் செத்துடும்ப்பா, சார்தான் சொல்லியிருக்காரே" என்று சிரித்தார்கள். சாமியை நம்பி விட்டிருந்தால்கூட எவனாவது ஒருவன் பயந்து தொட்டியைக் கழுவியிருப்பான். இவர்கள் சயின்ஸை நம்பி விட்டுவிட்டார்கள்.

இதற்குள் உன் சயின்ஸ் மிஸ்ஸுக்கு நடுக்கம் வந்துவிட்டது. கண்காட்சிக்கு அந்த அங்கிள்தான் சீஃப் கெஸ்ட். "அந்த ஒரு பாட்டில மட்டும் எடுத்துடும்மா, மத்ததெல்லாம் ரொம்ப நல்லாருக்கு" என்று மிஸ் உன்னிடம் சொன்னார். கமிட்டித் தலைவருக்கும் விஷயம் போய்விட்டது. சனிக்கிழமை என்னை கமிட்டி அறைக்கு வரச் சொன்னார். உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"வாப்பா. பொண்ணும் வந்திருக்காளா, நல்லது. என்னம்மா, பெருமாளுக்கே டெஸ்ட் வெச்சுட்டியாமே?"

"பெருமாளுக்கு இல்ல அங்கிள். தண்ணிக்கு."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "காப்பர், துளசி, பச்சைக் கற்பூரம். மூணுமே கிருமிநாசினி. அதுல பாக்டீரியா இருக்கறது இம்பாஸிபிள்."

"காப்பர்ல ரொம்ப நேரம் வெச்சாதான் அங்கிள் சாகும். இங்க டிரம்ல இருந்து மொண்டு ஊத்தி உடனே குடுக்கறாங்க. நான் பாத்தேன்."

"நீ எந்த கிளாஸ்?"

"நைன்த்."

"நான் சர்வீஸ் பூரா லேப்ல இருந்தவன்."

"அப்ப நீங்களே ஒரு தடவை பண்ணிப் பாருங்க அங்கிள்." பையில் இருந்து புது பாட்டில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாய். அவர் அதைத் தொடவில்லை. பூனை கொண்டுவந்து போட்ட எலியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"தீர்த்தத்தைச் சோதிக்கறது அபசாரம்மா. அது நம்பிக்கை விஷயம்."

அதற்குமேல் எனக்குப் பொறுக்க முடியவில்லை. "சார், மைக்குல சயின்ஸுன்னு சொன்னீங்க. சயின்ஸுன்னா டெஸ்ட் பண்ணுங்க. நம்பிக்கைன்னா, காப்பர் கதை எதுக்கு?"

"நீ டிரைவர்தானே? உன் ஜாயின்ட் செக்ரட்டரி எனக்கு நல்லாத் தெரிஞ்சவர்."

"தெரியும் சார். அவரை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதே நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. "பொண்ணை ஏத்தி விடறே. நாளைக்கு உன்னையே கேள்வி கேப்பா" என்றார்.

"இப்பவே கேக்கறா சார். தினமும்."

வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டோம். மார்க்கெட்டைத் தாண்டினோம். அப்புறம், "அந்த பாட்டில எடுத்துடவாப்பா? உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்று கேட்டாய்.

"கறுத்துச்சா இல்லையா?"

"கறுத்துச்சு."

"அப்ப வை."

ஏதோ வீரத்தில் சொன்னேன் என்று நினைக்காதே. எனக்கும் பயம்தான். ஆனால் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல ஒன்பதாம் வகுப்பிலேயே பழகிவிட்டால், நீ எவ்வளவு படித்தாலும் அந்த மனிதரைப் போலத்தான் ஆவாய்.

கண்காட்சி அன்று உன் மேஜையை மாடிப்படிக்குக் கீழே, துடைப்பம் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நீ பாட்டிலில் 'கோயில் தீர்த்தம்' என்று தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தாய். தமிழில் ஒரு எழுத்து தப்பு, திருத்தலாம் என்று வந்தவன் உன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அவர் ஒவ்வொரு மேஜையாக நின்று தலையாட்டிக்கொண்டு வந்தார். உன் மேஜை வந்ததும் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு தாண்டிப் போனார். முதல் பரிசு, கோபுரக் கலசம் இடிதாங்கியாக வேலை செய்கிறது என்று தெர்மாகோலில் செய்த மாடலுக்கு. அந்தப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் அப்பா செய்து கொடுத்தது.

அடுத்த வாரம் கோயிலில் ஒரு மாற்றம் வந்தது. தொட்டியில் இல்லை. சந்நிதிக்கு எதிரே ஒரு பலகை மாட்டினார்கள்: 'தீர்த்தத்தை வெளியே எடுத்துச் செல்ல அனுமதி இல்லை.'

நீ அந்தப் பலகையைப் படித்தாய். தமிழை அவ்வளவு வேகமாக நீ படித்து நான் பார்த்ததே இல்லை. வாசலிலேயே திரும்பிவிட்டாய். "டாக்டரேட் வாங்கினவரே இப்படின்னா, சாமின்னு ஒண்ணுமே இல்லப்பா. எல்லாம் டிராமா." அதற்கப்புறம் நீ வரவில்லை. அக்கா வராத இடத்துக்கு உன் தம்பியும் வரமாட்டான்.

அந்த மனிதரை நான் மன்னிக்காதது இதற்குத்தான். மேஜையை மாடிப்படிக்குக் கீழே தள்ளினதற்கு இல்லை, என் வேலையைக் காட்டி மிரட்டினதற்கும் இல்லை. வேலை இன்னும் இருக்கிறது, ஜாயின்ட் செக்ரட்டரிக்கு இதெல்லாம் கேட்க நேரமில்லை. உனக்கும் பெருமாளுக்கும் நடுவில் அவர் தன் பட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். அது பொய் என்று தெரிந்ததும், பின்னால் இருந்ததும் பொய் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். உன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். படிக்காதவன் வேப்பமரத்துக்கு மஞ்சள் துணி கட்டினால் மூடநம்பிக்கை என்கிறார்கள். படித்தவன் அதே துணிக்கு ஆங்கிலத்தில் ஒரு காரணம் சொன்னால் மைக் கொடுக்கிறார்கள். இவர்களுக்குப் படிப்பு எதற்கு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. தெரிந்துகொள்வதற்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் சின்னது. உன் தம்பி பிறந்தபோது அம்மாவுக்குச் சிக்கலாகிவிட்டது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டாக்டர் காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன், சொன்ன ரத்தத்துக்கு ஓடினேன், திரும்பி வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு கும்பிட்டேன். காப்பாற்றியது டாக்டர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கதவு திறக்கும்வரை நான் நின்றேனே, அப்படி என்னை நிற்க வைத்தது எது என்று எந்த பாட்டிலில் ஊற்றிப் பார்ப்பது? எனக்குத் தெரியாது. இது ஒன்றுமே இல்லை என்று பெரியவளானபின் நீ சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதை நீ பார்த்துச் சொல்லவேண்டும். அந்த ஆளின் மேல் இருக்கும் கோபத்தில் சொல்லக்கூடாது.

கோயிலுக்கு வா என்று கூப்பிட இதை எழுதவில்லை. நானே போன சனிக்கிழமை போகவில்லை. நீங்கள் அம்மாவோடு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் போனீர்கள். கதவைச் சாத்திவிட்டு வந்து, சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன். தளதளவென்று கொதித்தபின்னும் கொஞ்ச நேரம் விட்டேன். இறக்கி, டம்ளரில் ஊற்றி, பால்கனித் தொட்டியில் இருந்து துளசி பறித்து, அதையும் கொதித்த தண்ணீரிலேயே அலசிப் போட்டு, அலமாரியில் இருக்கிற பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்தேன். மந்திரம் ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆறும்வரை பொறுமையும் இல்லை. வலது கையைக் குழித்து ஊற்றிக் குடித்தேன். உள்ளங்கை சுட்டது.