கொக்கண்ணாச்சிக்குள் என் கை

முகத்தைக் காட்டாமல் பேர் வாங்க வேண்டிய தொழில் எங்களுடையது. அந்தப் பேரும் கடைசியில் பொம்மைக்குத்தான் போய்ச் சேரும்.

தூத்துக்குடியில் கேபிள் டிவி பார்த்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் கொக்கண்ணாச்சியைத் தெரியும் என்பார்கள். உப்பளத்து வரப்பில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வெள்ளைக் கொக்கு. கூடவே நண்டு ரோசி. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை கேள்வி கேட்டே அண்ணாச்சியின் உயிரை எடுப்பவள். அவள் கேள்வி கேட்டதும் கொக்கண்ணாச்சி உடனே பதில் சொல்ல மாட்டார். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கடைச் சுவரில் தலையை வைத்து, ஒரு மூச்சு பேசாமல் இருப்பார். பிறகுதான் வாய் திறப்பார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்த பிள்ளைகளும், கடை திறக்கும் அப்பாவோடு எழுந்துவிட்ட பிள்ளைகளும் அந்த ஒரு மூச்சுக்காகக் காத்திருப்பார்கள்.

இரண்டு பொம்மையையும் யோசித்து உண்டாக்கியவர் செல்வின் அண்ணன். வலது கையில் கொக்கு, இடது கையில் நண்டு, இரண்டு குரலும் அவருடையதே. கொக்கின் இறக்கையைக் கம்பியால் ஆட்டுவதும், ரோசிக்குக் கேள்வி எழுதிக் கொடுப்பதும் பல வருஷமாக என் வேலை. அண்ணனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்தாக வேண்டும், அதற்குப் பிறகு குரல் வராது என்று ஆனபோது, நீலக் கோடு போட்ட பை ஒன்றில் இரண்டையும் போட்டு என்னிடம் தந்தார். "வடிவு, பிள்ளையளுக்கு கை மாறினது தெரியக்கூடாது. சரியா வரலன்னா பொம்மையளத் திருப்பிக் குடுத்திரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார்.

ஊரே கொண்டாடிய டாக்டரின் கிளினிக்கை எடுத்து நடத்தப் போனவர்கள், பெயர்பெற்ற ஓட்டலில் பழைய மாஸ்டர் நின்ற அடுப்புக்கு முன்னால் போய் நின்றவர்கள், மாமியார் வைத்த மீன் குழம்பைத் தன் கையால் வைத்துப் பரிமாறியவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் பட்ட பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உட்கார்ந்திருக்கும் கொக்கு

செல்வின் அண்ணன் நல்ல உயரம். எங்கள் செட்டில் கடைச் சுவராக நிற்கும் ஒட்டுப்பலகை அவர் அளவுக்கு அடித்தது. அவர் பின்னால் நின்று கையைத் தூக்கினால் கொக்கு நெஞ்சுவரை தெரியும். நான் அவர் தோள் உயரம்கூட இல்லை. என்னதான் எக்கினாலும் கழுத்தும் தலையும் மட்டும்தான் சுவருக்கு மேலே வந்தன. கேமராமேன் இசக்கி, "யக்கா, அண்ணாச்சி கெணத்துக்குள்ள இருந்து எட்டிப் பாக்க மாதிரி இருக்கு" என்று எச்சரித்தான். குரலைப் பற்றிய பயத்தில் நான் அதைக் காதில் வாங்கவில்லை.

முதல் ஞாயிறு, நேரலையில் தொலைபேசி நேரம். ஜெரோம் என்ற பையன் வணக்கம்கூடச் சொல்லாமல், "கொக்கண்ணாச்சி ஏன் ஒக்காந்தே இருக்கிய?" என்று கேட்டான்.   "ஒத்தக் கால்ல எம்புட்டு நேரம்யா நிக்கது, வலிக்குல்லா" என்று சமாளித்தேன். போனின் அந்தப் பக்கத்திலிருந்து ஜெரோம் சொன்னான்:

"அப்பம் மத்தக் கால ஊணி நில்லுங்க. அது சும்மாத்தான இருக்கு."

ரோசிக்கு என்ன ஆச்சு?

அடுத்த வாரம் இசக்கி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து இரண்டு மீன் பெட்டிகளை வாங்கி வந்து கவிழ்த்துப் போட்டான். ஏறி நின்றதும் உயரம் சரியானது. சாளை வாசம் மட்டும் எத்தனை கழுவியும் போகவில்லை. அது திரையில் தெரியாது என்பதால் விட்டுவிட்டோம்.

கொக்கின் குரல்தான் கஷ்டம், ரோசியைப் பற்றிக் கவலையே இல்லை என்று நினைத்திருந்தேன். அண்ணன் தடித்த குரலைக் கீச்சென்று ஏற்றித்தான் ரோசியாகப் பேசுவார். பாதி வாக்கியத்தில் குரல் உடைந்து கட்டைக்குப் போய்விடும். நான் பெண், எனக்கு அந்தத் தொல்லை இல்லை. ரோசியைத் தெளிவாக, இனிமையாகப் பேசவைத்தேன். பிள்ளைகளுக்கு இதுவாவது முன்னைவிட நன்றாகக் கிடைக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

அந்த வாரம் மக்ரூன் வாங்கப் பேக்கரிக்குப் போனேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது கடைக்கார அண்ணாச்சிக்குத் தெரியும். பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்:

"எங்க சின்னவ ஒரே அழுகை தாயி. ரோசிக்கு ஒடம்பு சரியில்லையா, ஏன் பொம்பளப்பிள்ள மாதிரி பேசுதான்னு கேக்கா."

ஏழெட்டு எவ்வளவு?

அன்றிலிருந்து நான், பெண் குரலில் பேசும் ஓர் ஆணின் குரலில் பேசும் பெண்ணானேன். எந்தச் சொல்லில் குரல் உடைய வேண்டும் என்று பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டுப் படித்தேன்.

குரலைவிட அதிகமாக உழைத்தது அந்தக் கழுத்துச் சாய்ப்புக்குத்தான். எவ்வளவு சாய்க்க வேண்டும், அலகு சுவரில் எங்கே பட வேண்டும், ஒரு மூச்சு என்றால் எவ்வளவு நீளம் என்று கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். பதில் சொல்லும் முன் யோசிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சொல்லிக் கொடுக்கிறார் செல்வின் அண்ணன் என்பது என் முடிவு. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமே செய்திருக்கிறேன்.

ஒவ்வொரு ஞாயிறும் நிகழ்ச்சி முடிந்ததும் தருவைகுளத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போன் செய்வேன். அவர் மனைவி செலின் அக்கா எடுப்பார். அண்ணன் பார்த்தாரா என்றால், "பாத்தாவ" என்பார். "என்ன சொன்னாவ?" என்பேன். "ஒண்ணும் சொல்லல. கையக் காட்டிக் கொழம்பு ஊத்தச் சொன்னாவ" என்பார். வாராவாரம் இதே பதில். பொம்மைகள் என்னிடம் இருக்குமா, நீலப் பைக்குத் திரும்புமா என்று அவர் ஏதாவது ஒன்றை முடிவாகச் சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது.

அதே தருவைகுளத்தில் பள்ளிக்கூட டீச்சர் ஒருவரைக் கல்யாண வீட்டில் பார்த்தேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், யார் என்று தெரிந்ததும் சாம்பாரைக்கூட வாங்காமல் என்னைப் பிடித்துக்கொண்டார்:

"ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டா கிளாஸே கழுத்தச் சாய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அம்பத்தாறு வரதுக்குள்ள பெல் அடிச்சிருது. ஒங்க கொக்கக் கொஞ்சம் சீக்கிரம் பேசச் சொல்லுங்க."

திரைக்குப் பின்னால்

சாகுபுரம் குடியிருப்பில் பிள்ளைகளுக்கான விழா. மேடையில் சுவர் கிடையாது, கறுப்புத் துணிதான். நான் அதற்குப் பின்னால் முழங்காலிட்டு இரண்டு கையையும் தூக்கியபடி இருந்தேன். நடுவில் மைக் வேலை செய்யாமல் போய், ஆட்கள் வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் ஒரு சின்னப் பெண் துணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்துவிட்டாள்.  வேர்த்து ஒழுகும் முகம், கொக்குக்குள் முழங்கை வரை போயிருக்கும் கை, எல்லாவற்றையும் பார்த்தாள். தெரியக்கூடாது என்று அண்ணன் சொன்னது தெரிந்தே போயிற்று. அவள் அழுதால் என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் என்னைத் தாண்டிப் போய்க் கொக்கின் முகத்தருகே நின்றாள். "அண்ணாச்சி, எம் பல்லு ஆடுது. அம்மாட்ட சொல்லிராதிய, புடுங்கிருவாவ" என்றாள். என் கை தானாகத் தலையாட்டியது. போகும்போது திரும்பி, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்:

"அத்த, நீங்களும் சொல்லக்கூடாது."

தண்ணீருக்குள் ரோசி

அந்தப் பிள்ளை கொடுத்த தைரியத்தில், ஸ்டுடியோவை விட்டு வெளியே போனால் என்ன என்று தோன்றியது. சங்கு குளிக்கும் ஒருவரைக் கொக்கண்ணாச்சி பேட்டி எடுப்பதாக எழுதி, திரேஸ்புரத்தில் ஒரு வள்ளத்தில் ஏறினோம். குளியாளி பெயர் அந்தோணி. கொக்கு கேட்ட கேள்விக்கெல்லாம் கொக்கைப் பார்த்தே பதில் சொன்னார். நல்ல மனிதர்.

ரோசி "தண்ணிக்குள்ள மூச்சு முட்டாதா மாமா?" என்று கேட்டபோது வள்ளம் ஒரு சாய் சாய்ந்தது. வேர்த்த இடது கையிலிருந்து ரோசி வழுக்கி நேராகக் கடலுக்குள் போனாள். உள்ளே பஞ்சு என்பதால் கொஞ்ச நேரம் மிதந்தாள். இசக்கி கேமரா ஸ்டாண்டை நீட்டி எடுக்கிறேன் என்று குத்தியதில் மூழ்கியும் போனாள். வேறு ரோசி கிடையாது. செலின் அக்கா தைத்தது அது ஒன்றுதான். திருப்பிக் கொடுப்பதற்குக்கூட இனி ஒன்றுமில்லை என்று நான் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைய வேலையை முடித்துவிட்டு நெஞ்சுவரை துண்டைச் சுற்றியிருந்த அந்தோணி, துண்டை அவிழ்த்து வைத்துவிட்டுக் குதித்தார். வெளியே வந்தபோது ஒரு கையில் ரோசி, அவள் கண்ணில் பாசி. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி சொன்னார்:

"எங்க பாட்டன் முத்துக்கு முங்குனாரு, அப்பன் சங்குக்கு முங்குனாரு. நாந்தான் துணி நண்டுக்கு முங்கிருக்கேன். வீட்டுல சொன்னா சிரிப்பாவ."

பையோடு வந்தவர்

காயப்போட்டதில் ரோசியின் ஒரு கொடுக்கு சாயம் போய் வெளுத்துவிட்டது. அந்தக் கொடுக்கு சுவருக்குப் பின்னால் இருக்கும்படி அவளைத் திருப்பி வைத்தே நிகழ்ச்சியை நடத்தினேன். ஞாயிறு போன் செய்தால் செலின் அக்கா, "பாத்தாவ. இன்னைக்கு டிவிக்குக் கிட்டப் போயி நின்னு பாத்தாவ" என்றார். குழம்பைப் பற்றிப் பேச்சில்லை.

இரண்டு நாள் கழித்து ஒத்திகையின்போது ஸ்டுடியோ கதவைத் திறந்துகொண்டு அண்ணனும் செலின் அக்காவும் வந்தார்கள். நான் முதலில் பார்த்தது அக்கா கையில் இருந்த நீலக் கோடு போட்ட பையைத்தான். பெட்டியிலிருந்து இறங்கப் போனேன். அண்ணன் நிறுத்தாதே என்று கையைக் காட்டிவிட்டு, கேமராவுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் உட்காரும் பாயில் உட்கார்ந்துகொண்டார்.

ரோசி கேட்டாள்: "அண்ணாச்சி, கப்பல் எல்லாம் தூரத்துல ஏன் சின்னதா இருக்கு?" கொக்கண்ணாச்சி கழுத்தைச் சாய்த்தார். சுவரில் அலகை வைத்தார். ஒரு மூச்சு. அதற்குள் நான் என்னென்னவோ நினைத்தேன். பையில் வைக்கும்போது கொக்கின் கழுத்தை மடக்காமல் வைக்கச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன். பிறகு எப்படியோ பதிலும் சொல்லி முடித்தேன்.

அண்ணன் எழுந்து வந்து, என் கையிலிருந்த ரோசியின் வெளுத்த கொடுக்கைத் திருப்பிப் பார்த்தார். நான் கடல், வள்ளம், அந்தோணி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "பையில வச்சுத் தாரேன்ணே" என்றேன். செலின் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பைக்குள் கையைவிட்டு, பழைய துணியின் மிச்சத்தில் தைத்த புதுச் சிவப்புக் கொடுக்கு ஒன்றையும் ஊசி நூலையும் எடுத்தார். "டிவில ஒருக்கா தெரிஞ்ச கொடுக்கு வெளுத்திருந்துன்னு அவிய காட்டினாவ. வாங்கிட்டுப் போறதுக்கா ராவெல்லாம் இத உக்காந்து தைச்சேன்? அந்த நண்ட இங்கன குடுளா" என்றார்.

நான் ரோசியைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தேன்.  அண்ணன் கொக்கைச் சுட்டி, தன் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டி, எதற்கு என்பதுபோல் விரலை விரித்தார். நான் கண்ணாடி முன்னால் பழகியதையும், யோசித்துப் பேசும் பாடத்தையும், தருவைகுளத்து ஐம்பத்தாறையும் சொன்னேன். அவர் தோள் இரண்டும் குலுங்கின. சத்தமே இல்லாமல் சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் காதருகே குனிந்து, குரலில்லாமல் வெறும் காற்றாகச் சொன்னார்:

"எனக்குத் தோளு வலிக்கும்ளா, சொவத்துல சாய்ச்சுக் கைய ஆத்திக்கிடுவேன். ஒனக்கு என்ன கேடு?"

ஆக, எனக்கு வந்து சேர்ந்த சொத்து ஒரு கொக்கு, ஒரு நண்டு, போன மாதத்திலிருந்து வலது தோளில் ஒரு வலி. இதில் எதையும் யாருக்கும் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.