அச்சடித்த ஓரம்

"அந்தப் பக்கம் வெட்டாதேயும், இந்தப் பக்கம் வெட்டும்" என்று ஞானபாய் சொல்லி முடிப்பதற்குள் அனிலின் கத்தரிக்கோல் மாத்திரை அட்டையில் பாதி போயிருக்கும். ஆனாலும் விடமாட்டாள். விலையும் தேதியும் அச்சடித்த ஓரம் கடையிலேயே தங்க வேண்டும் என்பது மருந்துக் கடைக்காரன் அனிலின் வழக்கம். அது தன் கைக்குத்தான் வர வேண்டும் என்பது இவள் வழக்கம். கரமனையில் எங்கள் தெருமுனைக் கடையில் இவள் ஐந்து மாத்திரை வாங்கும் நேரத்தில் நான் ஒரு குழம்பு வைத்து இறக்கிவிடுவேன்.

"எந்தா சேச்சி, வந்ததும் தொடங்கியாச்சா?"

"விலை இல்லாத துண்டை வச்சு நான் என்ன செய்ய? காதில கோத்துப் போடவா?"

ஐம்பது வயது, குட்டை உருவம், சைக்கிள் மணி போலக் குரல். பாறசாலை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்ப் பக்கத்துக்காரி. தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறை துடைக்கிறாள். வாங்கிய ஓரங்களையெல்லாம் சர்ச் பாட்டுப் புத்தகத்துக்குள் சொருகி வைக்கிறாள். அந்தப் புத்தகம் எப்போதும் அவள் பையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று பாடினால் வெள்ளி வெள்ளியாக உதிரும். ஒருமுறை போதகரே குனிந்து ஒன்றைப் பொறுக்கி, "இதென்ன ஞானபாய், காணிக்கையா?" என்று கேட்டாராம். "இல்லய்யா, சாட்சி" என்றாளாம்.

அந்த லாட்ஜில் மாதம் ஒருமுறை வந்து தங்குபவன் சஜின், மருந்துக் கம்பெனி ரெப். ஒருநாள் இரண்டு சாம்பிள் அட்டைகளைக் கொடுத்தான். நானாக இருந்தால் முந்தானையில் முடிந்துகொண்டு நடையைக் கட்டியிருப்பேன். இவள் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில விலையே போடல்லியே பிள்ளே. விலை இல்லாத மருந்தை எப்பிடி நம்ப?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சிரித்து ஓய்ந்த சஜின் அவளுக்கு ஒரு சட்டம் சொல்லிக் கொடுத்தான். அரசாங்கம் விலை குறைத்த மருந்துக்குப் புது விலைப்பட்டியலில் ஒரு விலையும் அட்டையில் ஒரு விலையும் இருந்தால், கடைக்காரன் இரண்டில் குறைந்ததைத்தான் வாங்க வேண்டும். அந்தப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி கடையில் தொங்கவிடவும் வேண்டும்.

அன்றிலிருந்து 'எது கம்மியோ அது' என்பதே அவள் பேச்சாகிவிட்டது. ஆட்டோக்காரனிடம், "மீட்டர் ஒண்ணு காட்டுது, நீ ஒண்ணு செல்லுத. எது கம்மியோ அது." மகள் கல்யாணத்துக்கு இருநூறு பேர் வருவோம், இல்லை முந்நூறு வருவோம் என்று சம்பந்தி வீட்டார் இழுத்தபோதும் அதே தீர்ப்புதான்.

ஆனால் மாத்திரை விஷயத்தில் அவளுக்கு விளையாட்டே கிடையாது. புருஷன் தங்கையன் கொத்தனார், பிரஷர்காரர். தினம் ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதியிருந்தார். விலையைப் பார்த்த அந்த மனுஷன் ஒவ்வொன்றையும் பேனாக்கத்தியால் இரண்டாக்கி விழுங்கினார். "பாதி குளிகைக்குப் பாதி பிரஷர் குறையும்லா, அது போரும்" என்று விளக்கம் வேறு. போன மழைக்கு முன்னால், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் ஆபீஸ் கட்டுகிற இடத்தில், மூன்றாம் மாடிச் சாரத்தில் தலை சுற்றிவிட்டது. கம்பைக் கட்டிப்பிடித்து நின்றவரை இரண்டு பேர் சேர்ந்து இறக்கினார்கள். முழு மாத்திரை விழுங்காத ஆள் சாரத்தில் ஏறக்கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அன்று முதல் தங்கையன் கீழே நின்று சிமெண்ட் குழைக்கிறார். வீட்டில் வாயைத் திறப்பதில்லை. பத்து நாளைக்கு ஐந்து மாத்திரைக்கு மேல் வாங்க இவளுக்கும் வழியில்லை.

அப்போதுதான் அந்த மாத்திரைக்கு விலை பாதியாகக் குறைகிறது என்று பேப்பரில் வந்தது. ஒரு வாரம் கழித்து இவள் கடைக்கு வந்து புது விலைக்குக் கேட்டாள். இருமல் மருந்துக்காக நான் பின்னால் நின்றிருந்தேன்.

"அது பழைய ஸ்டாக்கு சேச்சி. விலையும் பழையதுதான்."

"லிஸ்ட் எங்க?"

"சுவரில உண்டு."

"சுவரில கலண்டர்லா கிடக்கு. அதைக் கொஞ்சம் தூக்கும்."

அனில் தூக்கினான். பட்டியல் இருந்தது. மூன்று வருஷப் பழசு, ஓரத்தில் இரண்டு பல்லி முட்டை. கடை வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். அனிலுக்கும் வாய் கோணியது.

"புதியது வந்நில்ல சேச்சி, சத்யம்."

"உமக்கு வரல்ல, எனக்கு வந்தாச்சு." பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். சஜின் கொடுத்த புதுப் பட்டியல் நாலாக மடித்து உள்ளே இருந்தது. "அட்டையில ஒண்ணு, இதில ஒண்ணு. எது கம்மியோ அது. வித்தியாசத்தைக் கம்பெனி உமக்குத் தரும்னு அந்தப் பிள்ளை செல்லிச்சு. பின்ன ஏன் உமக்கு இந்த அழுகை?"

அனில் படித்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தான். "சேச்சி, இந்தக் கடையை நீங்களே எடுத்து நடத்திக்கோ."

"வேண்டாம்பா. நின்னு நின்னு கால் கடுக்கும். இருந்து பாக்க ஜோலி உண்டுன்னா சொல்லும்."

பழக்கதோஷம், அட்டையை எடுத்ததும் அதன் மேல் கத்தரிக்கோலை வைத்தான். அவள் கையை மறித்தாள்.

"வெட்டாதேயும்."

"எந்தப் பக்கம்?"

"ஒரு பக்கமும் வேண்டாம். முழு அட்டை. மூணு எடும். எங்க வீட்ல அவிய மாசம் பூரா முழுசாத் திங்கட்டு. சாரத்தில ஏறாம அவியளுக்கு முகமே இல்ல."

மூன்று அட்டைகளையும் வெளிச்சத்தில் பிடித்து அச்சைப் படித்தாள். பல்லெல்லாம் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் இவளுக்கு இத்தனை பல் இருப்பது எனக்குத் தெரியாது.

அவள் படியிறங்கினாள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் வேறேதோ மாத்திரையில் இரண்டே இரண்டு கேட்டார். அனில் அட்டையை எடுத்து, வழக்கமான பக்கத்துக்குக் கத்தரிக்கோலைக் கொண்டுபோனான்.

ஞானபாய் திரும்பி வந்தாள். அவன் விரல்களுக்கு நடுவில் இருந்த அட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, அச்சடித்த ஓரத்தைக் கத்தரிக்கோலுக்கு நேராக வைத்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.