பப்பாளித் தண்டு நாயனம்

பப்பாளி இலையின் தண்டை ஒரு முழத்துக்கு வெட்டி, இலைப் பக்கத்து நுனியை மட்டும் மூடினபடியே விட்டு, அதற்குக் கீழே பிளேடால் ஒரு விரல் நீளம் கீற வேண்டும். கீறின பக்கத்தை வாய்க்குள் விட்டு ஊதினால் சத்தம் வரும். தண்டில் கம்பியால் மூன்று துளை போட்டு, மறுமுனையில் தென்னோலையைக் கூம்பாகச் சுற்றி ஈர்க்கு குத்தினால் தெருக்கோடி வரை கேட்கும். நான் அதை நாயனம் என்றேன். என் மனைவி, "தோப்புல போயி ஊதுங்க" என்பாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். நான் எதை வாசித்தாலும் ஒரு தடவைகூட நன்றாயிருக்கிறது என்று அவள் சொன்னதில்லை. எனக்கு அதில் பயங்கரக் கடுப்பு. அதனால்தான் கேரள எல்லையிலுள்ள மீனாட்சிபுரத்தில் ஓணத்துக்கு நாட்டு வாத்தியப் போட்டி என்றதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன். கோப்பையைக் கொண்டுவந்து அவள் மூக்குக்கு நேராக வைக்க வேண்டும். வேறு ஆசையே கிடையாது.

தண்டு ஒரே நாளில் வாடி, சத்தத்துக்குச் சளி பிடித்துவிடும். தினமும் புதிதாக வெட்டினேன். பத்து நாளில் வீட்டுப் பப்பாளி மரம் மொட்டையாக நின்றது.

"மரத்துக்கு மொட்டையடிச்சாச்சு. அடுத்தது எனக்குங்களா?" என்றாள் மனைவி.

நான் தண்டை வாயில் வைத்து ஊதினேன். கன்றை என் அக்கா வீட்டுக்குக் கொடுத்ததிலிருந்து எங்கள் செவலை மாடு பாலை விடாமல் எக்கிக்கொண்டு, கறக்க உட்கார்ந்தால் உதைத்துக்கொண்டிருந்தது. அன்று என் ஊதல் கேட்டதும் காதைத் திருப்பியது. "ம்மா" என்றது. மடி சுரந்து பால் சொட்டியது. நான் வாசித்தது கல்யாணி ராகம். மாட்டுக்கு அது கன்றுக்குட்டி.

அன்றிலிருந்து பக்கத்துத் தோட்டத்தில் தண்டு வெட்டிவந்து, காலையும் மாலையும் தொழுவத்தில் கச்சேரி. நான் ஊத, அவள் கறப்பாள். பாராட்டு மட்டும் மாட்டுக்கு. "என்ற தங்கம், எப்புடி விடுது பாருங்க!"

போட்டி மாலை நாலு மணிக்கு. கறவையும் அதே நேரம். "ஒரு தண்ட வெச்சுட்டுப் போங்க, நானே ஊதிக்கறேன்" என்று என்னை அனுப்பிவைத்தாள்.

மேடைக்குப் பின்னால் காத்திருந்தபோது போன் அடித்தது. வாளி உருளும் சத்தம் முதலில் கேட்டது.

"ஏனுங்க, நான் ஊதுனா வெறுங்காத்துத்தான் வருது. ரெண்டு தடவ உதைச்சுப்போட்டுது. பால் சொசைட்டிய அடச்சுருவாங்க. போனுலயே ஊதுங்க!"

"அடுத்தது என்ற பேரத்தான் கூப்புடுவாங்க அம்மிணி!"

"ஸ்பீக்கர்ல போட்டுக் கொம்புல கட்டீட்டனுங்க. ஊதுங்க!"

போனைச் சுவரில் சாய்த்துவைத்து ஊதினேன். பக்கத்தில் திருவாதிரைக்களி நடனம் ஆட நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எரிச்சலில் இன்னும் ஓங்கி ஊதினேன். சற்று நேரத்தில் வாளியில் சர் சர்ரென்று பால் இறங்குவது கேட்டது.

பிறகு அவள் பேசினாள். மாட்டிடம் இல்லை, என்னிடம்.

"நெசமாச் சொல்றனுங்க, நல்லா ஊதறீங்க. நிறுத்தீராதீங்க."

மைக்கில் என் பேரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். நான் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணில் நீர் கட்ட, கல்யாணியை முழுசாக வாசித்தேன்.