பெயர் கூப்பிடச் சொன்னவர்

கொட்டகலை பஸாரில், இணையத்துக்காகப் போன ஒரு கணினிக் கடையில் அவரை ஒரே ஒரு தடவை பார்த்தேன். காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. சோறு கட்டும் லன்ச் ஷீட்டில் சுற்றிய ஹார்ட் டிஸ்க். மழை வந்தால் இங்கே இணையம் படுத்துவிடும். அதனால் மென்பொருளுக்குத் தேவையான, பிறர் எழுதிய பேக்கேஜ்களையெல்லாம் வெயில் நாளிலேயே அதில் இறக்கிவைப்பாராம்.

அன்று நல்ல மழை. ஐந்து மணிக்குள் செயலியைத் திருத்தி அனுப்பாவிட்டால் என் பயிற்சிக்கால வேலை போய்விடும். நானோ காலையில் வந்த ஒரு பிழைக்குப் பயந்து, சேமித்திருந்த பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் அழித்திருந்தேன். மழை நேரத்து வேகத்தில் சிறிய கோப்பு போகும். இத்தனை பெரியவை மறுபடி இறங்காது. மடியில் மகள் அழுதாள்.

நான் புலம்பியதைக் கேட்டு, பக்கத்து மேசையிலிருந்து அவர் டிஸ்க்கை நீட்டினார். முன்பின் தெரியாதவர் தருவதைக் கம்பனி கொடுத்த மடிக்கணினியில் போடலாமா? தயங்கினேன்.

"என்னைய நம்பாதீங்க தங்கச்சி," என்று சிரித்தார். "ஒவ்வொரு பேக்கேஜுக்கும் சரிபார்க்குற நம்பர் ஒங்க ப்ராஜெக்ட்டுலயே இருக்குல்ல? தோட்டத்துல காலையில வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுல பேர் கூப்பிடுற மாதிரி, செயலியக் கட்டுற பில்ட் டூல் ஒவ்வொண்ணா பாக்கும். ஆள் மாறியிருந்தா உள்ள விடாது."

"டிஸ்க்குலயே வைரஸ் இருந்தா?" என்றேன்.

"அதுக்கும் பயம், அஞ்சு மணிக்கும் பயம். ஏதாவது ஒண்ணுக்குப் பயப்படுங்க."

டிஸ்க்கைச் செருகினேன். எல்லா எண்களும் பொருந்தின. நாலே முக்காலுக்கு அனுப்பிவிட்டேன்.

கிளம்பும்போது மகள் கையில் ஒரு பிஸ்கட் கொடுத்தார். வாசல் தாண்டியதும் அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் பிஸ்கட்டைச் சரிபார்க்க என்னிடம் எந்த எண்ணும் இருக்கவில்லை.