காற்றுக்கு ஜாகா

யோங் பெங் ஊரில் அங்கம்மாவுக்குக் காற்றைக் காவல் காக்கும் வேலை. செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு குன்று. அங்கே காற்றாலைகள் வைக்கலாமா என்று பார்க்க, ஒரு கம்பெனி ஓராண்டுக்கு உயரமான கம்பம் ஒன்றை நட்டிருந்தது. உச்சியில் வேகத்தை அளக்கச் சுழலும் கிண்ணங்கள்; திசை காட்ட ஒரு வால். அதற்கு ஜாகா, அதாவது காவலாள், அங்கம்மா.

பாதி ஆயுளைப் பாக்டரி இரைச்சலில் கழித்தவள். குன்றில் அவளைக் கூப்பிட ஆளில்லை. நாற்காலியில் சாய்ந்தால் கீழே செம்பனை மட்டைகள் அலையலையாய் அசையும். குன்றே கடலுக்கு நகர்வதுபோல் இருக்கும். கண்ணை மூடினால் வெள்ளை இறக்கைகள் வானத்தை மெல்லக் கிளறும். காற்றாலை வந்தால் வேலை நிலைக்கும். வராவிட்டால் ஆண்டு முடிந்ததும் மறுபடி பாக்டரிதான்.

பக்கத்து வீட்டுப் பிரேமலாவுக்குப் பொறுக்கவில்லை. "காத்து வாங்கறதுக்குச் சம்பளமா? குடுத்து வெச்சவங்க லா நீங்க!"

அந்த வாய் புகழ்ந்த முருங்கை மரம் மறுவாரமே சாய்ந்ததாக ஊரில் பேச்சு. அங்கம்மா பயந்துபோனாள். பழுது பார்க்கக் கம்பத்தைத் தரையில் சாய்த்த அன்று, ஆட்கள் சாப்பிடப் போனதும், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கறுப்புக் கயிற்றை உச்சியில் கட்டிவிட்டாள். மழை இருட்டிக்கொண்டு வர, ஆட்கள் அவசரமாக நிமிர்த்திவிட்டுப் போனார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் எஞ்சினியர் கமலநாதன் தலையைச் சொறிந்தபடி வந்தான்.

"அக்கா, இங்க காத்து சிங்கப்பூர் பக்கமிருந்தே வருதாம். திரும்பவே மாட்டேங்குது."

"நம்ம ஜனமெல்லாம் வேலைக்கு அங்கதான ஓடுது தம்பி. காத்தாச்சும் இங்க வரட்டுமே."

கம்பத்தை மறுபடி சாய்த்தார்கள். கயிறு வாலை இறுகச் சுற்றியிருந்தது. நுனியில் சுருங்கிய எலுமிச்சம்பழம்.

"அலமாக்! யாரு வேலை இது?"

அங்கம்மாவின் காதுக்குள் பாக்டரி மெஷின் ஓடத் தொடங்கியது. "நாந்தான் தம்பி. கண்ணு பட்டுடும்னு..."

அவன் முறைத்தான். பிறகு சிரித்தான். ஒதுங்கிப் போய் ஆபீசுக்குப் போன் போட்டான். "பறவை ஏதோ கூடு கட்டியிருச்சு சார்..."

திரும்பி வந்தான். "மழைக்காலக் கணக்கு மொத்தமும் குப்பைக்குப் போச்சுக்கா. அடுத்த மழைக்காலம் முடியற வரைக்கும் கம்பம் இங்கயே நிக்கணுமாம்."

"அப்ப ஜாகா?"

"கம்பம் நின்னா ஜாகா வேணாமா? ஆனா இனிமே ஒரு நூலுகூடக் கட்டக் கூடாது."

"சத்தியமா தம்பி."

வண்டி இறங்கிப் போனது. மேற்கே எங்கோ பெய்த மழையின் வாசனையோடு ஒரு காற்று ஏறி வந்தது. அங்கம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரப் புல்லில் கால்களை நீட்டினாள்.