வலது கை ஒன்றரை அங்குலம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்குக் கதை கட்டத் தெரியாது. பழைய உடைகளை அளந்து குறித்து வைப்பது என் பிழைப்பு. நூறு வருடத்துக்கு முன்னால் உடைகளை வடிவமைத்து, பெயர் இல்லாமலே போய்ச் சேர்ந்தவர்களைத் தேடுவது என் ஆராய்ச்சி. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் வாய்விட்டுச் சிரிப்பேன். அந்த வெள்ளிக்கிழமை வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் உடைக் கிடங்கு. ஜன்னல் கிடையாது. உள்ளே ஆள் அசைந்தால் விளக்கு எரியும். அசைவு நின்றால் ஐந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். கணவரைப் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. ஏன் என்று கேட்க நாதியில்லாத இந்த மூன்று வருடத்தில் நான் அதிகம் பேசியது அந்தக் கிடங்கில் உடை மாட்டி வைக்கும் பொம்மைகளோடுதான்.

கண்காட்சிக்கு ஐந்து கவுன்கள் தயாராக இருந்தன. எல்லாவற்றின் கழுத்திலும் ஒரே கடை முதலாளியின் பெயர்ப்பட்டை. அந்த மனுஷனுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது என்று பெற்ற மகளே கடிதத்தில் எழுதியிருக்கிறாள். உண்மையில் அவற்றை உருவாக்கியவள் ஒரு இடக்கைக்காரி. ஐந்திலும் ஓரம் மடித்த இடத்தில், இடப்பக்கமாகச் சாய்ந்த மூன்று பொடித் தையல் இருக்கும். அதுதான் அவள் கையெழுத்து. ஏழு வருடமாக அவள் பெயரைத் தேடியும் கிடைக்கவில்லை.

எங்கள் துறைத் தலைவி கறாராகச் சொல்லிவிட்டார்.

"பேர் கிடைச்சா கண்காட்சி அட்டையில போடு. இல்லேன்னா முதலாளி பேரையே போட்டுடு. திங்கக்கிழமை பத்து மணிக்கு அச்சுக்குப் போயிடும். அப்புறம் என்னைக் கேக்காதே."

வெள்ளி மாலை 5.40. கருநீலக் கவுனை மேசையில் விரித்து, என் தொழிலில் யாரும் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தேன். முதலாளியின் பட்டையில் நான்கு தையலைப் பிரித்தேன். அடியில் அவள் பெயர் ஒளிந்திருக்கும் என்று ஒரு நப்பாசை. ஒன்றுமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உன் பேரைத்தான் சொல்லேன்டி. ஏழு வருஷமா நாயா அலையறேன்" என்றேன் கவுனிடம். பிறகு சும்மா விளையாட்டாக, "அப்படியே நான் போட்டிருக்கற இந்தக் கோட்டையும் கொஞ்சம் சரி பண்ணிக் குடு" என்றும் சொன்னேன்.

சின்ன வயதில் ஒடிந்து சேர்ந்த கை. என் வலது கை ஒன்றரை அங்குலம் குட்டை. எந்தக் கோட்டைப் போட்டாலும் பாதிப் புறங்கை மறைந்துவிடும். மடித்து ஊக்குக் குத்திக்கொள்வேன். எட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்த கணவர்கூட அதைக் கவனித்ததில்லை.

5.52. கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். கதவைப் பூட்டினேன். சாவி என் கையில்தான் இருந்தது.

6.05. திரும்பி வந்து திறந்தேன்.

நான் உள்ளே கால் வைக்கும் முன்பே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பதின்மூன்று நிமிடம் ஆகியிருந்தது. இருட்டாக அல்லவா இருக்க வேண்டும்?

மேசைக்குப் போனேன். முதலாளியின் பட்டை கவுனில் இல்லை. தரையில் கிடந்தது. நான் பிரித்தது நான்கே தையல்...

போய்விடலாம் என்று கோட்டை எடுத்து மாட்டினேன். வலது கை தடையில்லாமல் வெளியே வந்தது. சரியாக மணிக்கட்டில் நின்றது கோட்டின் கை. ஊக்கு இல்லை.

6.11. விளக்கு அணைந்தது.

கையை ஆட்டினேன். எரியவில்லை. இரண்டு கையையும் வீசி ஆட்டினேன்...

டக்.

அலமாரிகளுக்குப் பின்னால்.

டக்... டக்... தடித்த துணியில் ஊசி இறங்குகிற சத்தம்.

பிறகு அதுவும் நின்றது.

யாரோ என் கோட்டின் வலது கையை மெல்லக் கீழே இழுத்தார்கள். போட்டுப் பார்க்கும்போது தையல்காரர்கள் இழுப்பார்களே... அப்படி.

இடது தோளைத் தடவிவிட்டார்கள்.

குளிர்ந்த விரல்.

"ம்ம்..."

வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு சொல்கிற "ம்ம்".

கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. 6.15. காவலாளி நின்றிருந்தார். அவர் சுற்று ஒரு நிமிடம் முந்தாது, பிந்தாது. அதனால் எங்களுக்கு அவர் "கடிகாரம்".

"தனியாவா இருக்கீங்க மேடம்?"

"ஆமா."

"தோள்ல என்ன, ஊசி?"

இடது தோளில் மூன்று குண்டூசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன.

வீட்டுக்கு வந்து கோட்டின் வலது கையை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். இடப்பக்கம் சாய்ந்த மூன்று தையல். நூல் நுனி பல்லால் கடித்து அறுத்த மாதிரி இருந்தது. தொட்டேன். எச்சில் ஈரம் இன்னும் காயவில்லை. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர் தைத்திருந்தது.

மூன்று இரவும் நான் தூங்கவில்லை. திங்கள் காலை 8 மணிக்கு நகராட்சிப் பதிவேட்டு அறை வாசலில் நின்றேன். 9.20க்கு அதே பெயர் கிடைத்தது. தையல்காரி, அந்தக் கடையில் வேலை, 1919இல் மரணம். 9.41க்குத் தலைவியைக் கூப்பிட்டேன். ஐந்து கவுனின் அட்டையிலும் இப்போது அவள் பெயர்தான் இருக்கிறது.

அதோடு விட்டிருக்கலாம். மரணப் பதிவோடு இன்னொரு தாளும் தைத்திருந்தது. அவள் வாடகை அறையில் தனியாகச் செத்துக் கிடந்திருக்கிறாள். பதினொரு நாள் யாரும் தேடவில்லை. கதவை உடைத்த போலீஸ்காரர், உள்ளே இருந்த சாமான்களை எழுதி வைத்திருந்தார். கடைசி வரி, அவள் மேசையில் இருந்த ஒரு வாடிக்கையாளர் சீட்டு. அதை அப்படியே பார்த்து எழுதியிருந்தார்.

"பெண் கோட். வலது கை ஒன்றரை அங்குலம் குட்டை. முடிந்தது. இடது தோளில் மூன்று ஊசி. இன்னும் முடியவில்லை. வாடிக்கையாளர் தனியாக இருப்பவர். மீதி வேலைக்கு நானே அவர் வீட்டுக்குப் போக வேண்டும்."

கோட் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. ஊசிகளை நான் எடுக்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்று வருடத்தில் என் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.