என் பதிலுக்குக் காத்திராதவர்கள்

மலேசியாவின் சிகாமட் ஊரில் எங்கள் துணிக்கடைக்குள் நுழைந்த வாடிக்கையாளரை "வாங்க" என்று அழைக்க வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. வலது கையிலிருந்த சேலை நழுவிக் கீழே விழுந்தது.

பக்கவாதம் என்றார்கள். கையும் காலும் ஓரளவு திரும்பின, பேச்சு திரும்பவில்லை. பேசிப் பேசியே வியாபாரம் செய்தவள் நான்.

"இது அப்ரேக்சியா (மனதில் தெளிவாக இருக்கும் சொல்லை வாயால் உருவாக்க முடியாத நிலை). அறிவு பழையபடிதான் இருக்கு. பயிற்சிய விட்டுடாதீங்க," என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

வாரந்தோறும் பேச்சுப் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தார். தொடையில் தாளம் தட்டி, ஓசை ஓசையாகச் சொல்ல வைப்பார். 'தண்ணி' வந்தது. பிறகு என் பெயர் வந்தது. அன்று அழுதுவிட்டேன்.

இந்த வீட்டுச் சேவை தொடர வேண்டுமா என்று ஆராய ஒரு குழு அமைந்தது. சேவை பெறுகிறவள் என்பதால் என்னையும் அதில் சேர்த்தார்கள். ஆய்வாளர் கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களும் எங்க குழுவுல ஒருத்தங்கதான் அக்கா. எவ்ளோ நேரமானாலும் வெயிட் பண்ணுவோம் லா."

நம்பினேன். 'வேணும்' என்ற ஒற்றைச் சொல்லை அவருக்காகவே பழகி வைத்தேன்.

அவர் வீட்டுக்கு வந்தபோது கணவர் தேநீரும் கறிபாப் பலகாரமும் வைத்து உபசரித்தார். வீட்டுப் பயிற்சி தொடர வேண்டுமா என்ற கேள்வி என்னிடம்தான் வந்தது. "வே..." என்று தொடங்கினேன். மீதி ஓசை வருவதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"வீட்டு ஆளுங்க நாங்க இருக்கோமே மேடம், நல்லா பாத்துக்குவோம்."

விருந்தாளி முன்னால் வீட்டுக் குறையைச் சொல்லாத நம் வழக்கம் அது. கவிதாவும் தமிழ் வீட்டில் வளர்ந்தவர்தான், அது அவருக்குத் தெரியாதா? தலையாட்டி எழுதிக்கொண்டார். அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சிரமப்படாதீங்க அக்கா, புரிஞ்சிருச்சு."

முடிவை அறிவித்த விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குடும்பம் உடன் இருந்தால் வீட்டுப் பயிற்சி தேவையில்லை என்பது முடிவு. அதன் கீழே குழு உறுப்பினராக என் பெயர். மைக்கைக் கணவரிடம் கொடுத்தார்கள், அவர் நன்றி சொன்னார். கூடவே வைத்துக்கொண்டு கழுத்தறுத்தார்கள் என்று எழுதினால் கடுமையாக இருக்கும். இருக்கட்டும்.

பயிற்சியாளர் வருவது நின்றது. கணவருக்குக் கடையைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. வந்த சொற்களில் சில திரும்பிப் போய்விட்டன. "நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்கிறார் இன்னமும்.

இதை இடது கையால் கைப்பேசியில் எழுதுகிறேன். என்னைப் போன்றவர்களே, உங்களையும் ஆய்வுக்கு அழைப்பார்கள். சேருங்கள். ஆனால் உங்கள் வாய் திறக்கும்வரை உட்கார்ந்திருப்பார்களா என்று முதலில் பாருங்கள்.

சென்ற மாதம் கவிதா வேறோர் ஆய்வுக்காக வந்தார். பதில் சொல்லப்போன கணவரின் கையை அழுத்திப் பிடித்தேன். பிறகு தொடையில் தட்டத் தொடங்கினேன். என் வாய் இப்போது என் அவசரத்துக்கு வராது, அதன் நேரம் வேறு. தேநீரில் ஆடை படிந்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

"போங்க," என்றேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவ்வளவு தெளிவாக எனக்கு ஒரு சொல் அதுவரை வந்ததில்லை.